நல்ல வார்த்தைக்கு இரண்டு முழம்

லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் ரதம் நல்ல வார்த்தையில் ஓடுகிறது. மனதாரச் சொன்ன ஒரு பாராட்டுக்கு இரண்டு முழம் முன்னால் போகும். ஒப்புக்குச் சொன்னால் ஒரு முழம் பின்னால் வரும். முன்பெல்லாம் டிராக்டர்தான் இழுத்தது. அது மாறியது கோயில் தலைவர் சாமிக்கண்ணுவின் வாயால்.

சாமிக்கண்ணு தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக, அதாவது மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். வேலை போய் வருடங்கள் ஆகியும் அவர் அதை விடவில்லை. திருவிழா அன்று கோயில் வாசலில் பெரட்டு வைத்து, பெயருக்கு ஒரு வசவாக வாரி வழங்குவார். அதட்டாவிட்டால் எல்லாம் குட்டிச்சுவராகிவிடும் என்று பாவம், உண்மையாகவே நம்பினார். அவர் மனைவி முத்தாயி கல்யாணமான நாளிலிருந்து குழம்பு வைக்கிறார்; உப்புக் குறைந்த நாளில் மட்டும் அதைப் பற்றிப் பேச்சு வரும். புக்கிட் ரம்பாய், புக்கிட் பெருவாங் என்று வெளியூர்களுக்குக் குடிபோன தோட்டத்துப் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் திருவிழாவுக்கு வருவது குறைந்தது. தனக்குப் பின் அம்மன் கொட்டகையிலேயே கிடந்துவிடுவாளோ என்ற பயம் அவருக்குள் இருந்தது. அந்தப் பயத்தையும் அவர் வசவாகத்தான் வெளியே விட்டார்.

அந்த வருடம் பெரட்டுக்கு நிவேந்திரன் பிந்தி வந்தான். ரதத்துக்கு லைட்டு கட்டியவன் அவன். புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தான். "நீயெல்லாம் எதுக்குடா கோயிலுக்கு வர்ற, வீட்டுல படுத்துத் தூங்கு" என்றார் சாமிக்கண்ணு, ஊர் முன்னால். அவன் போய் எரியாத பல்புகளை மாற்றினான்.

சாயங்காலம் ரதம் மீரா சாஹிப் மளிகைக் கடைவரை வந்து நின்றுவிட்டது. டிராக்டர் உறுமி உறுமிக் கடைசியில் சங்கிலி அறுந்தது. சாமிக்கண்ணு டிரைவரைத் திட்டினார். ரதம் ஒரு முழம் பின்னால் போனது. ஏழு மணிக்குள் பெரிய ரோட்டைக் கடக்காவிட்டால் அடுத்த வருடம் ஊர்வலத்துக்கு அனுமதி கிடையாது என்று போலீஸ் முன்பே சொல்லியிருந்தது. வருடந்தோறும் ஊர்வலத்துக்கு இனிப்பான சிவப்புச் சிரப் தண்ணீர் கொடுக்கும் மீரா சாஹிப், "அம்மாவுக்குக் காது வலிக்குது போல மண்டோரே, மெதுவா பேசுங்களேன்" என்றார். கமிட்டிச் செயலாளர் ஜெயா ஒரு கிளாஸ் சிரப்பை நிவேந்திரனிடம் நீட்டி, "லைட்டு ஜோரா இருக்கு தம்பி, மொதல்ல இதக் குடி" என்றார். ரதம் தானாகவே இரண்டு முழம் முன்னால் போனது. அங்கே ரோடு மேடு என்பதால் சரிவில் உருண்டது என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம் ஊரே வாய் திறந்தது. மாமியார் மருமகளின் முறுக்கைப் புகழ்ந்தாள். வேலித் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த மச்சான்மார் இருவர், ஒருவர் காரை மற்றவர் மெச்சிக்கொண்டே ரதத்தை இருபது முழம் நகர்த்தினார்கள். மீரா சாஹிப் தவில்காரரின் கையைப் பாராட்டினார், அம்மன் சாதி சமயம் பார்க்காமல் நகர்ந்தாள். அப்படியே முச்சந்திக்கு வந்து, பெரிய ரோட்டின் நட்டநடுவில், நெகிரி செம்பிலான் பக்கம் போய்வரும் லாரிகள் இரண்டு பக்கமும் ஹார்ன் அடிக்க, ரதம் நின்றது. யார் எதைச் சொல்லியும் அசையவில்லை. சொல்லாதவர் ஒருவர்தான் பாக்கி.

எல்லோரும் சாமிக்கண்ணுவைப் பார்த்தார்கள். ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது. "எல்லாரும் நல்லவங்கதான்" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. ரதம் ஒரு முழம் பின்னால் வந்து ஒரு லாரியின் மூக்கை உரசியது. "மனசார சொல்லுங்க அண்ணே" என்றார் ஜெயா. சாமிக்கண்ணு நிவேந்திரனின் சிவந்த கண்களைப் பார்த்தார்.

"நீ ரெண்டு நாளா தூங்கலன்னு எனக்குத் தெரியும்டா," என்றார். "காலையிலயே தெரியும். தெரிஞ்சேதான் ஏசினேன். நீயும் வராம போய்ட்டா இந்த ரதத்துக்கு யாருடா இருக்கா?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பெரிய ஆம்பளை நடுரோட்டில் அழுதார். ரதம் முழக்கணக்கை மறந்து ரோட்டைக் கடந்து கோயில் வாசல்வரை போனது. நிவேந்திரன் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று.

டிராக்டரை விற்றுவிட்டார்கள். பெரட்டு இன்றும் உண்டு. சாமிக்கண்ணு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்வதால் முடிய நேரமாகிறது என்று ஜெயாவுக்குக் குறை. போன வருடம் கூட்டத்துக்குக் கோயில் வாசல் கொள்ளவில்லை. மற்ற நாட்களில் ரதத்தின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து வைக்கிறார்கள், அப்படியும் சில மத்தியானங்களில் அது கல்லைத் தாண்டி நகர்ந்து கொட்டகைக் கதவை இடிக்கும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மண்டோர் வீட்டில் இன்று குழம்பு நன்றாக இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.