காரியின் கொம்பு

பல் டாக்டர் விமலாராணிக்கு ஒரு கிறுக்கு உண்டு. மற்றவர்கள் புடவை சேர்ப்பார்கள், பாத்திரம் சேர்ப்பார்கள். அவள் பழைய மடக்குக் கத்தி சேர்ப்பாள். அதிலும் எல்லாக் கத்தியும் ஆகாது. பிடி கொம்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எலும்பு, சிப்பி, கருங்காலி என்று ஏதாவது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருள் பிடியில் இல்லாவிட்டால், அலகே தங்கமாக இருந்தாலும் தொடமாட்டாள். “பகலெல்லாம் கையில குறடு, பொழுது சாஞ்சா கையில கத்தி. நான் எந்த வம்புக்கும் போறதில்லீங்க” என்று அவள் கணவர் இன்னாசிமுத்து, பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் கரீமுக்கு அவளைக் கண்டால் பாதி சந்தோஷம், பாதி பயம். கைப்பையில் எப்போதும் ஒரு ஊசி வைத்திருப்பாள். அதை லைட்டரில் காய்ச்சி, பிடியின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து லேசாகத் தொட்டு முகர்ந்து பார்ப்பாள். கொம்பென்றால் முடி பொசுங்குகிற நாற்றம் வரும். மரமென்றால் விறகுப் புகை. கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலாய்டு, அதாவது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். பார்வைக்கு அச்சு அசல் கொம்பு மாதிரியே இருக்கும். வயசாக வயசாக ஏதோ ஒரு ஆவியை விட்டு, பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும். விமலாராணிக்கு உலகத்திலேயே பிடிக்காத வஸ்து அதுதான். “நீங்க வர்றீங்கன்னா கடையில சாம்பிராணிகூடப் போடறதில்லை டாக்டரம்மா, அதையும் சந்தேகப்படுவீங்க” என்பான் கரீம்.

அவள் பல வருஷமாகக் கண் வைத்தும் கைக்கு வராத கத்தி ஒன்று உண்டு. கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த கீதாவின் அப்பா அங்கப்பனுடையது. அன்னூர்ப் பக்கம் தோட்டம். இடுப்பில் எந்நேரமும் கருப்புப் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி. “ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேனுங்கப்பா” என்று விமலாராணி கேட்கும்போதெல்லாம், ஒரு கொய்யாப்பழத்தை வெட்டி அவள் கையில் வைத்துப் பேச்சை மாற்றிவிடுவார். பழத்தைக் கொடுப்பாரே தவிர கத்தியைக் கொடுக்கமாட்டார். கஞ்சத்தனம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அங்கப்பன் போன மாதம் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு கீதா போன் பண்ணினாள். “அம்மா உன்னை வரச் சொல்றா. அப்பாவோட கத்தியை உனக்குத்தான் குடுக்கோணுமாம்.”

துக்க வீட்டுக்குப் போகிறவள் மனசுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு போகக்கூடாதுதான். காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அன்னூரில் இறங்குகிறவரை விமலாராணி அதைத்தான் செய்தாள். பெட்டியில் அந்தக் கத்திக்கு எந்த இடம் என்றுகூட முடிவு பண்ணிவிட்டாள்.

கீதாவின் அம்மா மயிலாத்தாள் கூடத்தில் கீழே உட்கார்ந்திருந்தார். சுவரில் மாலை போட்ட படத்தில் அங்கப்பன் யாருக்கோ பயந்தவர் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். காப்பி வந்தது, குடித்தார்கள். மயிலாத்தாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கத்தியை எடுத்துத் தரையில் வைத்து, விமலாராணி பக்கம் நகர்த்தினார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

“எடுத்துக்க கண்ணு. ஆனா ஒண்ணு. எடுத்துட்டுப் போறதுக்கு முந்தி எனக்கு நீயொரு நாயம் சொல்லோணும்.”

“என்னங்கம்மா?”

“இதோட புடி எருமைக் கொம்புதானா, இல்லையா? அதைப் பாத்துச் சொல்லு. நீ ஊசியக் காச்சி வெச்சுக் கண்டுபுடிச்சுருவேன்னு கீதா சொன்னா.”

பிறகு மயிலாத்தாள் காரியின் கதையைச் சொன்னார். காரி, அவர் கல்யாணமாகி வந்தபோது காரமடையில் அவருடைய அப்பா சீராகக் கொடுத்த எருமையின் வழிவந்த கடைசிக் கன்று. பிறந்த அன்றே தாய் செத்துவிட, புட்டியில் பால் ஊட்டி இவர்தான் வளர்த்தார். இவர் குரல் கேட்காமல் அது தண்ணீர் குடிக்காது. ஒரு வருஷம் மழையில்லாமல் கிணறு வறண்டு, தோட்டத்தில் பச்சை என்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. காரிக்கும் பால் வற்றிவிட்டது. அந்த மாசியில் மயிலாத்தாள் காரமடைத் தேருக்குப் போய்விட்டுத் திரும்பினார். கட்டுத்தறி காலியாக இருந்தது.

“என்னாச்சுன்னு கேட்டேன். செத்துப்போச்சு, தென்னைக்கு அடியில பொதைச்சுப்போட்டேன்னாரு. எனக்கு நம்பிக்கை வரல. ரெண்டு நாள் கழிச்சு இந்தக் கத்தியக் கொண்டாந்து காட்டி, உன்ற காரியோட கொம்புதான், ஞாபகத்துக்குப் புடி போட்டு வாங்கியாந்தேன்னாரு. அப்பவும் எனக்கு மனசு ஆறல. அடிமாட்டு லாரிக்கு வித்துப்போட்டாருன்னு எனக்குள்ள ஒரு எண்ணம். சூடத்த ஏத்தி வெச்சு, அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கன்னேன். துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு வெளிய போனவருதான்.”

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அதற்கு மேல் ஒரு வழக்கு கிடையாது. அதைச் செய்ய மறுத்த மனுஷரோடு மயிலாத்தாள் அதற்கப்புறமும் குடித்தனம் நடத்தினார், சோறு போட்டார், மகளைக் கட்டிக் கொடுத்தார். ஆனால் வீட்டில் எருமை கட்டவில்லை. அவரோடு உட்கார்ந்து ஆற அமரப் பேசவும் இல்லை.

விமலாராணி கத்தியைக் கையில் எடுத்தாள். கையில் எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிடியின் இரண்டு பக்கமும் வெளிர் ரேகைகள் ஒரே மாதிரி ஓடின. எந்த எருமைக்கும் இப்படி வார்த்தெடுத்த மாதிரிக் கொம்பு முளைப்பதில்லை. அங்கப்பன் ஏன் கொய்யாப்பழமாக வெட்டிக் கொடுத்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவளுடைய ஊசிக்குத்தான் அந்த மனிதர் அத்தனை வருஷம் பயந்திருக்கிறார்.

“பாத்தாலே தெரியுதுங்கம்மா, ஊசியெல்லாம் எதுக்குங்க” என்று மெதுவாக நழுவப் பார்த்தாள்.

“இல்ல கண்ணு. எங்கண்ணு முன்னால வெச்சுப் பாரு.”

வேறு வழியில்லை. லைட்டரை எடுத்து ஊசியைக் காய்ச்சினாள். முடி பொசுங்குகிற நாற்றம் வரட்டும் மாதாவே, என் கண்தான் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு பிடியின் உள்பக்கம் வைத்தாள். சின்னதாக ஒரு இழை புகை எழுந்தது.

அவள் முகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மயிலாத்தாளின் மூக்குக்கே முதலில் எட்டிவிட்டது.

“கீதா! சூட வாசம் வருது பாருடி!”

அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். எழுந்து நின்றார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. “வந்துட்டாரு. சத்தியம் பண்ண மாட்டேன்னு போன மனுசன், செத்த பொறவு சூட வாசமா வந்து சத்தியம் பண்ணிப்போட்டாரே! காரி கொம்புதான். நெசந்தான். நான்தான் நம்பாம போயிட்டேன்.”

விமலாராணி வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பெரிய ஆறுதல் கிடைத்திருக்கிறது. நடுவில் புகுந்து பிளாஸ்டிக்கைப் பற்றிப் பாடம் நடத்த அவள் யார்? பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம், சாமியார் பெரிதாக ஒன்றும் வையமாட்டார். அவள் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு ஊசியைப் பைக்குள் போட்டாள்.

ஆனால் மயிலாத்தாளின் அழுகை நிற்கவில்லை. ஆறுதலுக்கு அழுகிற அழுகை கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். இது ஏறிக்கொண்டே போயிற்று. படத்துக்கு முன்னால் போய் விழுந்து, நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரியில கடைசியா மயிலு, கிட்ட வான்னு கூப்பிட்டாரே! ஒண்ணு சொல்லோணும்னாரே! நான் வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு கீதாவ உள்ள அனுப்பிச்சேனே! ஒரு பொய்யும் சொல்லாத மனுசனைப் பொய்யன்னு நெனைச்சுச் சாகடிச்சுப்போட்டேனே! பாவி, நான் நல்லா இருப்பனா?”

கீதா தாயைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பேசாமல் இருந்தது புண்ணியம் என்று நினைத்தாளே, அந்தப் புண்ணியம் இப்போது அந்த அம்மாளை அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை வருஷம் இவர் இப்படியே அடித்துக்கொள்வார்? அவள் எழுந்து போய் மயிலாத்தாளின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தாள்.

“அம்மா, இங்க பாருங்க. அப்பா வரலீங்க. அந்தச் சூட வாசம் கத்தியில இருந்து வந்ததுங்க. அந்தக் காலத்துல பிளாஸ்டிக்க சூடம் கலந்துதான் செஞ்சாங்க. சுட்டா அந்த வாசம் வரும். கொம்புன்னா முடி பொசுங்குற நாத்தம்தாங்க வரும். இது கொம்பு இல்லீங்கம்மா. எங்கயோ சந்தையில ரெடியா வாங்குன கத்தி. நான் மொதல்லயே சொல்லியிருக்கோணும். மன்னிச்சுருங்க.”

மயிலாத்தாளின் அழுகை அப்படியே நின்றது. விமலாராணியின் முகத்தையே பார்த்தார். பிறகு கத்தியைப் பார்த்தார்.

“அப்ப வித்துதான் போட்டாரா?”

“அது எனக்குத் தெரியாதுங்கம்மா. கொம்பு இல்லீங்கறது மட்டுந்தான் தெரியும்.”

“வித்துதான் போட்டாரு.” மயிலாத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “தீவனமில்ல, தண்ணியில்ல, கண்ணு முன்னால எலும்பும் தோலுமா நின்னுட்டிருந்துச்சு. என்னைய வெச்சுக்கிட்டு வித்திருக்க முடியாது. தேருக்குப் போயிட்டு வா, போயிட்டு வான்னு தொரத்துனாரு. இப்பத்தானே வெளங்குது.”

வெளியே ஏதோ ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“ஏனுங்க” என்று மயிலாத்தாள் படத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். குரலில் அழுகை இல்லை. “இதச் சொல்றதுக்குத்தான் கிட்ட கூப்பிட்டீங்களா? சொல்லியிருந்தா என்னுங்க? வஞ்சிருப்பேன். ஊரே கேக்கற மாதிரித் திட்டி வஞ்சிருப்பேன். வஞ்சுப்போட்டு, வாயில கொஞ்சம் தண்ணி ஊத்தியிருப்பேனே.”

அதைக் கேட்டதும் கீதா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். மயிலாத்தாள் அழவில்லை. நகர்ந்து வந்து தரையில் கிடந்த கத்தியை எடுத்து, அலகை மடக்கி, பிடியை ஒரு தரம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவள் கேட்ட கத்தி வேறு. இது அவள் பெட்டியில் ஒரு நாள்கூட வைக்க லாயக்கில்லாத செல்லுலாய்டு. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அதை ஆசைப்பட்டதுபோல விமலாராணி வேறு எந்தக் கத்தியையும் ஆசைப்பட்டதில்லை.

“கண்ணு, கோவிச்சுக்காத” என்றார் மயிலாத்தாள். “இத உனக்குத் தரமாட்டேன். நானே வெச்சுக்கறேன்.”

“வெச்சுக்கங்கம்மா.”

“வெறும் படத்தப் பாத்து வஞ்சா காத்தோட போயிருது. கையில புடிச்சுக்கிட்டு வையறதுக்கு அவரோடதுன்னு ஒண்ணு வேணுமில்ல” என்று சொல்லி, கத்தியை முந்தானையில் முடிந்துகொண்டார்.