தொண்ணூறு லிட்டர் பலகை

எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதுதான் ஜெனிக்குப் பழக்கம். அவள் பிறந்த வீட்டில் யூனிஃபார்ம் என்றால் இரண்டு வருஷம் வர வேண்டும், செருப்பு என்றால் நுனியில் பஞ்சை அடைத்தாவது போட வேண்டும். புருஷனுக்கு வாங்கும் கடல் விளையாட்டுப் பலகைக்கும் அதே கணக்கைப் போட்டாள். அவனுடைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை வரி விடாமல் படித்தவள்தான். என்ன செய்ய, மனசு கேட்கவில்லை.

புருஷன் ஆன்சன், மிஷன் பள்ளி ஒன்றில் விளையாட்டு வாத்தியார். போன வாரம் டாக்டர் மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டு, தெம்பு இருக்கும்போதே பிடித்ததைச் செய்யச் சொல்லிவிட்டார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. மண்டபம் கடலில் பார்த்த விங் ஃபாயில். காற்றடைத்த இறக்கையைக் கையில் பிடித்துப் பலகைமேல் நின்றால், அடியில் தண்ணீருக்குள் இருக்கும் ஃபாயில் என்ற சிறகு பலகையோடு ஆளைத் தூக்கிவிடும். அலைக்கு ஒரு முழம் மேலே போகலாம்.

கோச்சடை வீட்டிலிருந்து, மண்டபத்தில் அதைக் கற்றுக்கொடுக்கும் சிவபாண்டிக்கு ஜெனி போன் போட்டாள். ஆன்சனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார் எம்புட்டு வெயிட்டு தங்கச்சி?"

"எம்பதுண்ணே."

"அப்ப நூத்தியிருவது லிட்டர் போர்டு, அம்புட்டு மெதப்பு வேணும். ஃபாயிலும் பெருசா வேணும்."

கட்டிலில் கிடந்த ஆன்சன் சொன்னான், "சரியாச் சொல்லு ஜெனி."

"தேறி வந்துருவீங்கல்ல. அப்பப் பத்தாமப் போயிரும்."

சிவபாண்டிக்கும் அது கேட்டுவிட்டது. "கூட்டிச் சொல்லாதீங்க தங்கச்சி. லேசான ஆளுக்குப் பெரிய ஃபாயில மாட்டுனா, காத்து அடிச்சதும் தூக்கிக் கவுத்திரும். அவரால நிக்கவே முடியாது."

ஆஸ்பத்திரியில் அவன் எடை மெஷினில் ஏறும்போதெல்லாம் சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அந்த எண்ணை இதுவரை வாயால் சொன்னதில்லை. இப்போது அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதாயிற்று.

"அம்பத்தொண்ணு," என்றாள்.

 சிவபாண்டி சொன்னான்: "அப்ப தொண்ணூறு லிட்டர் போதும், நடுத்தர ஃபாயில். ஒடனே நின்னுறலாம். ஆனா ஆறு மாசத்துல கை பழகிட்டா அது வேண்டியிருக்காது, சின்னது கேக்கும். எழுவது எடுத்தா மொதல்ல செரமம், பத்து தடவ விழணும். ஆனா மூணு வருசம் வரும்."

ஜெனி யோசிக்கவே இல்லை. "மூணு வருசம் வர்றதையே குடுங்கண்ணே."

"வேண்டாம்ணே," என்றான் ஆன்சன். சத்தம் போனுக்கு எட்டாமல் எழுந்து உட்கார்ந்தான். "ஒடனே நிக்கிறதையே போடுங்க."

ஜெனி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை எடுக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு வேண்டுமென்று வாதாட அவளுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய கடைக்காரனிடமும் வாதாடியிருக்கிறாள்.

போனை வாயருகே கொண்டுபோய், "தொண்ணூறுண்ணே," என்றாள்.