தூசி கீழே விழாத வீடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டி எடுப்பதற்காக நான் வைத்திருந்த டேப் ரெக்கார்டர் ஒருநாள் எல்லோருடைய குரலையும் ஜவ்வுபோல இழுக்க ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அம்மா காதாலேயே கோளாறைக் கண்டுபிடிப்பார் என்றார்கள். அன்னபுஷ்பம் என்ற அந்த அம்மா அதைத் திறக்கக்கூட இல்லை. காதருகே வைத்து, "ரோலர்" என்றார். பிறகு அதைத் துடைத்துக்கொண்டே, சந்தை நிலவரம் சொல்கிற குரலில், வேறொரு கேசட் பிளேயரைப் பற்றிச் சொன்னார். அது பூமிக்கு மேலே நானூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரி இது: "1991 மார்ச் மாதத்தின் ஓர் அந்தியில், எல்லையற்ற பேரண்டத்தின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு..."

அடித்துவிட்டேன். நடந்ததே போதுமான அளவு பெரியது. நான் ஊதத் தேவையில்லை.

2

(இனி அவரை 'அவள்' என்று எழுதுகிறேன். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான்.)

மறைமலை நகரில் கேசட் பிளேயர் பூட்டும் ஒரு சின்ன கம்பெனி. லைனின் கடைசி மேஜை அன்னபுஷ்பத்துடையது. வருகிற ஒவ்வொரு செட்டிலும் ஒரே கேசட்டை ஓடவிட்டு, ஹெட்போனில் கேட்டு, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். குரல் நடுங்கினால் "செட் அழுவுது" என்பாள். உடனே அதை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் கன்னியப்பன்கூட அவள் காதை எதிர்த்துப் பேசியதில்லை.

அவள் கணவன் மரியஜோசப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி லைசென்ஸ் வாங்கியவர். அந்த வருடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த விண்வெளி நிலையத்திலும் அப்படியொரு வானொலி இருந்தது. ஓய்வு கிடைத்தால் அங்கிருந்தவர்கள் கீழே யாரோடாவது பேசுவார்கள். நிலையம் நம் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம். ஜோசப் ஸ்ரீபெரும்புதூர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுவார். அலுமினியக் குழாய்களால் செய்த ஆன்டெனாவைக் கையில் பிடித்து, நிலையம் போகிற போக்குக்குத் திருப்பிக்கொண்டே வருவது அன்னபுஷ்பத்தின் பொறுப்பு.

அந்த மார்ச் மாதம் ஒருநாள் மாலை ஆறு ஐம்பதுக்கு அந்த வெளிச்சப் புள்ளி மேற்கே ஏறியது. ரஷ்யக்காரர் ஒருவர் அரைகுறை இங்கிலீஷில் பேசினார். (பெயரை அவள் சொல்லவில்லை. "மேல இருந்த தம்பி" என்றே சொன்னாள். நானும் பெயர் வைக்கவில்லை.) அவருடைய அம்மா போன மாதம் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு இறங்கி வர வழியில்லை. அம்மா பேசி அனுப்பிய கேசட் ஒன்றே ஒன்று கையில் இருக்கிறது. அதுவும் இப்போது சரியாகப் பாடவில்லை. கேளுங்கள் என்று மைக்கின் அருகே வைத்தார்.

ஒரு பெண்ணின் குரல், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல மேலும் கீழுமாக நெளிந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன் என்றார் அவர். அவ்வளவுதான், நிலையம் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது.

3

"நம்ம ரேடியோதான் ஸ்டேஷனை வுட்டு வழுக்குது" என்றார் ஜோசப்.

"இல்லீங்க. ரேடியோ வழுக்குனா ஒரே பக்கமா வழுக்கும். இது சுத்திச் சுத்தி வருது. செட் அழுவுது. டேப்பை இழுக்குற ரோலராண்ட முடி சுத்திக்கினு கீது."

"அங்க ஏது முடி?"

"மனுசங்க இருக்காங்க இல்ல? நம்ம வூட்ல உதுந்தா தரைல வுழும், பெருக்கிடுவோம்."

"அங்க வுழாது, புஷ்பம். வுழறதுக்குக் கீழன்னு ஒன்னு கிடையாது. உதுந்ததெல்லாம் மெதந்துகினே இருக்கும்."

ஆன்டெனாவைக் கீழே வைக்காமல் அவள் அப்படியே நின்றாள். தூசி கீழே விழாத வீடு. துடைப்பத்துக்கு வேலையில்லாத வீடு. ஒற்றை மயிர் நாள்கணக்காக அந்தரத்தில் அலைந்து, கடைசியில் சுழல்கிற ஒரு சின்னத் தண்டைக் கண்டுபிடித்து அதில் சுற்றிக்கொள்கிறது. அதை நினைத்ததும் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது என்றாள் என்னிடம்.

"இன்னொரு தபா போட்டான்னா டேப்பை இழுத்து மென்னுடும். அம்மா குரலு அதோட போச்சு. நான் சொல்றேன் அவன்கிட்ட."

"நீ மைக்கைத் தொட்டா தப்பு. லைசென்ஸ் என் பேர்ல இருக்குது. புடுங்கிட்டான்னா?"

"அப்போ நான் சொல்றத நீங்களே சொல்லுங்க."

ஒன்றரை மணி நேரத்தில் நிலையம் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியது. இந்த முறை தாழ்வாக, நான்கே நிமிடம். நல்லவேளை, அவர் இன்னும் கேசட்டைப் போடவில்லை. ஜோசப் சொன்னார். பதற்றத்தில் பெல்ட் என்றார், பிறகு ரோலர் என்றார். கத்தியால் சுரண்டட்டுமா என்று கேட்டது மேலிருந்த குரல்.

இந்த இடத்தில் ஜோசப்பை நான் நம்பவில்லை. நான் எழுதிய முதல் பிரதியில் அவர் மைக்கைத் தர மறுக்கிறார். அன்னபுஷ்பம் பிடுங்கினேன் என்கிறாள். ஜோசப், "நான்தான் குடுத்தேன்" என்கிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஆன்டெனா கைமாறுகிறது, அது மட்டும் நிச்சயம்.

"நோ நைஃப்!" என்று கத்தினாள். "நைஃப் ஸ்க்ராட்ச்! ரப்பர் ரோலர், சைடு ஷாஃப்ட். ஹேர் ரவுண்ட் ரவுண்ட். யூ, நெயில். ஃபிங்கர் நெயில். ரிவர்ஸ். ஸ்லோ, ஸ்லோ."*

இரைச்சல். பிறகு, "நெயில். ரிவர்ஸ். ஸ்லோ" என்று அந்தக் குரல் திருப்பிச் சொன்னது.

* லைனில் பேசுகிற இங்கிலீஷ். இலக்கணம் பார்ப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அவருக்குப் புரிந்துவிட்டது.

4

மறுநாள் நிலையம் வரும் நேரம் ஆறு இருபத்தைந்து. கம்பெனி பஸ் அவளை ஆறு இருபதுக்கு இறக்கிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். மாடிப்படி ஏறும்போதே கேசட்டில் இருந்த அந்த அம்மாவின் குரல் கேட்டது.

ஜோசப் ஆன்டெனாவை நீட்டினார்.

முதலில் கம்பெனி மேஜையில் கேட்பதுபோலத்தான் கேட்டாள். வேகம் சரி. நடுக்கம் இல்லை. செட் பாஸ். அதற்குப் பிறகுதான் உறைத்தது: ஒரு நொடிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில், தலைக்கு மேலே, இறந்துபோன ஒருத்தி பேசிக்கொண்டு போகிறாள். பின்னணியில் ஒரு சேவல் கூவியது. அன்னபுஷ்பம் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் சேவல் கூவுகிறது! அந்தப் பெண்ணும் பேச்சை நிறுத்தி, சேவலை ஏதோ திட்டி, சிரித்தாள்.

தம்பி நன்றிகூடச் சொல்லவில்லை. மைக்கை அழுத்திப் பிடித்தபடி அம்மாவைப் பேசவிட்டார். கை வலிக்க வலிக்க அன்னபுஷ்பம் அந்தப் புள்ளியை விடாமல் தொடர்ந்தாள். பென்னலூர்ப் பக்கத்துப் பனைகளுக்குப் பின்னால், ஒரு வாக்கியத்தின் நடுவில், அது இறங்கிவிட்டது.

மறுபடி அவரோடு பேச வாய்க்கவில்லை. (அந்த வருடம் மே மாதம் இந்த ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இங்கே மொட்டைமாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? ஜோசப் தானாகவே எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்.)

5

அந்தப் பாதி வாக்கியம் என்ன? பதிவு கிடையாது. அங்கே நின்ற இருவருக்கும் ரஷ்ய மொழி தெரியாது.

"சாப்பிட்டாயா" என்று எழுதினேன். அன்னபுஷ்பத்திடம் படித்துக்காட்டினேன். "ஏன் சார், எல்லா அம்மாவும் அதையேதான் கேக்கணுமா?" என்றாள்.

"பயப்படாதே" என்று மாற்றினேன். அது அழுதது. அடித்தேன்.

"கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், நீ வரும்போது..." இதுவும் நான் பேசுவதுதான், அந்த அம்மா பேசுவதல்ல.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சேவல் அடங்கிவிட்டது. சிரிப்பு ஓய்ந்துவிட்டது. ஜோசப் ரேடியோவின் குமிழைத் திருப்புகிறார். அன்னபுஷ்பத்தின் கை நேராக நிற்கிறது. இன்னும் சில விநாடிகள் மிச்சம் இருக்கின்றன. மேலே அந்தப் பெண் மூச்சை இழுத்துக்கொண்டு, மகனின் பெயரைச் சொல்லி,