மதிலோரத்து அடிபம்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில், சர்ச் கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டியிருந்த அடிபம்புத் தண்ணீரின் ருசி வேறெங்கும் வராது என்று சர்ச் நிர்வாகி டக்வெல் சத்தியமே செய்வார். அந்தத் தெருவிலோ வாரம் தவறாமல் யாராவது வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்லி சுகாதார அதிகாரி டாக்டர் பென்ஃபோல்ட் வீடு தேடி வந்து மன்றாடினார்.

"அது கெட்ட காத்தால வர்ற நோய், டாக்டர். இந்தத் தண்ணியிலதான் நான் தினம் டீ குடிக்கிறேன். கல்லு மாதிரி இருக்கேனில்ல?"

"ஐயா, புதைச்ச பிணத்தோட ஊறலெல்லாம் அந்தப் பம்புக்குக் கீழ இருக்கற கிணத்துலதான் இறங்குது."

"இறங்கட்டுமே! எல்லாம் நம்ம சர்ச் ஆளுங்கதானே?"

டக்வெல்லுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் மனைவி ஹெப்ஸிபா. அவள் பீரைத் தவிர எதையும் தொடமாட்டாள். அவளுடைய அம்மாவை டக்வெல் கடைசிவரை வாசற்படி ஏறவிட்டதில்லை. போன கோடையில் அந்த அம்மாளும் வயிறு போய்த்தான் செத்தாள்.

"டாக்டர், மதிலோரமா புதைச்சவங்களும் இதுல வருவாங்களா?"

"அவங்கதாம்மா முதல்ல வருவாங்க."

ஹெப்ஸிபாவின் முகம் மலர்ந்தது.

"அப்போ எங்கம்மா! ஏங்க, செத்தாலும் உங்க மாமியா இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாதுன்னீங்களே. தினம் உங்க கோப்பைக்கே வந்துட்டுப் போறாங்க பாருங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

டக்வெல் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுத் தொப்பிகூடப் போடாமல் ஓடினார். பொழுது சாய்வதற்குள் கைப்பிடியைத் தாமே கழற்றிவிட்டார்.

தெருவில் செத்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அசைக்க முடியாத மனுஷனை ஒரே ஒரு மாமியார் அசைத்துவிட்டாள்.