யுவராணி கேட்ட அனுமதி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியதுமே யுவராணி ஒப்பிக்கத் தொடங்கிவிட்டாள். "கேன் ஐ ஸ்பீக் டு யூ அலோன், மேடம்?"

"'கேன் ஐ' நமக்குள்ள பேசிக்கிறதுட்டி," என்றாள் மாரிசெல்வி. "இன்னைக்கு ஆய்வுக்கு வாறவியகிட்ட 'மே ஐ'ன்னு கேளு. இன்னும் பணிவா வேணும்னா 'குட் ஐ, ப்ளீஸ்'."

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருவருக்கும் பேக்கிங் வேலை. கழிப்பறைக்குப் போக அங்கே டோக்கன் வாங்க வேண்டும். நாற்பது பெண்களுக்கு இரண்டே டோக்கன். போன மாதம் செல்லத்தாய், ஐம்பது வயதுக்காரி, டோக்கனுக்குக் காத்து நின்ற இடத்திலேயே சேலை நனைந்து அழுதாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆய்வுக்கு அனுப்பும் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுவது என்று பெண்கள் அன்றைக்கே முடிவு செய்தார்கள். தமிழில் சொல்லிப் பயனில்லை. மொழிபெயர்ப்பவர் மேனேஜர் பொன்னுராஜ். போன வருஷம் 'குடிக்கத் தண்ணி இல்ல' என்று ஒருத்தி சொன்னதை அவர் 'தண்ணீர் வசதி திருப்தி' என்று மாற்றிச் சொன்னது மாரிசெல்விக்கு மட்டும்தான் புரிந்தது. அவள் பி.ஏ. இங்கிலீஷ். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் பேச வராது. யுவராணிக்கு அந்தக் கூச்சமே கிடையாது. இவள் எழுதிக் கொடுத்தாள், அவள் மனப்பாடம் செய்தாள். மூன்று வாரமாக இதேதான்.

அன்று மத்தியானம் கேண்டீனில் எல்லோரையும் கூட்டினார்கள். யுவராணி எழுந்தாள்.

"மே ஐ சே எ ஃப்யூ வேர்ட்ஸ், மேடம்?"

இது எழுதிக் கொடுத்த வாக்கியம் இல்லையே என்று மாரிசெல்வி நிமிர்ந்தாள். ஆய்வுக்கு வந்த அம்மா சிரித்துத் தலையசைத்தார். நிர்வாகம் எங்களைச் சொந்த மகள்களைப் போலப் பார்த்துக்கொள்கிறது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று யுவராணி பிழையில்லாத இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். பொன்னுராஜ் கைதட்டினார். நம்ம பிள்ளை சொல்லிவிட்டது என்று நினைத்துப் பெண்களும் சேர்ந்து தட்டினார்கள். செல்லத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கை கழுவும் இடத்தில் மாரிசெல்வி யுவராணியை மடக்கினாள். "என்னட்டி செஞ்ச?"

"நேத்து ஆபீஸ்ல கூப்பிட்டாவக்கா. இப்படிச் சொன்னா ஒண்ணாந்தேதியிலருந்து என்னய ரிசப்ஷன்ல போடுதாவளாம்." யுவராணி குழாயை மூடாமலே நின்றாள். "நீ சொல்லிக்குடுத்த இங்கிலீஷாலதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியாக்கா?"

மாரிசெல்வி வெளியே வந்தாள். செல்லத்தாய் வேகவேகமாக எதிரே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்புட்டு தைரியமா சொல்லிட்டா பாத்தியா! அந்தம்மா என்ன சொன்னாவ? டோக்கன எடுத்துருவாவளா?"

மாரிசெல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போர்ட்டிகோவை நோக்கி நடந்தாள். "எங்கட்டி இழுத்துட்டுப் போற?" என்று கேட்டபடியே செல்லத்தாயும் வந்தாள். அங்கே அந்த அம்மா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கைப்பையை வாங்கி முன்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தான். கார்க் கதவு இன்னும் சாத்தப்படவில்லை.