இரட்டைப் பூணூல்

கழக்கூட்டத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஹரிநாராயணன் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குள் புகுந்தான். கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, பூணூலை அவசர அவசரமாக மாட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டான். அன்று ஆவணி அவிட்டம். பழையது மார்பில் கிடந்தால்தானே புதியது மாற்ற முடியும்? அவனுடையதோ, கலிமா சொல்லி முஸ்லிமான அன்றே கழற்றியாயிற்று. அது அம்மாவுக்குத் தெரியாது.

யாரும் அவனை இழுக்கவில்லை. பின்னால் எந்தப் பெண்ணும் இல்லை. தானாகப் படித்து, தானாகத் தவித்து, ஒருநாள் பள்ளிவாசல் வரிசையில் முன்பின் தெரியாதவர்களோடு நின்றபோது நெஞ்சுக்குள் ஏதோ அடங்கியது, அவ்வளவுதான். அறைத் தோழன் ஷெபின் பிறவி முஸ்லிம். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற ஆசாமி. அவனே ஒருநாள் கேட்டுவிட்டான், பெற்றவளிடம் பொய் சொல்லிக்கொண்டு ஐந்து வேளையும் தொழுது என்ன காரியம் என்று. சுருக்கென்றது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டான். பூணூல் எதற்கு என்றால், வாசலிலேயே ரகளை வேண்டாமே என்று. கோழைக்குக் காரணமா கிடைக்காது!

அப்பா போனதிலிருந்து ஸ்ரீவராகம் வீட்டில் அம்மா சீதாலக்ஷ்மி ஒருத்திதான். மகன் குளிக்கச் சட்டையைக் கழற்றினான். துண்டோடு வந்த அம்மா அப்படியே நின்றாள். அவள் பார்வை போன இடத்தை அவனும் குனிந்து பார்த்தான். பாழாய்ப்போன அவசரத்தில், பொட்டலத்தில் சேர்ந்து கிடந்த இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தான். கல்யாணமாகாதவனுக்கு ஒரு பூணூல். இரண்டு என்றால் பெண்டாட்டி வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"எப்போடா ஆச்சு?"

"இல்லேம்மா, இது வேற காரியம்..."

அவள் காதில் வாங்கவில்லை. தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். கோபிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள்! வரன் தேடி அலுத்துப்போனவள், அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"நாயரானாலும் சரி, யாரானாலும் சரி. நான் ஒண்ணும் பறயமாட்டேன். நம்ம பத்மநாபஸ்வாமி நடையில வந்து கும்பிட்டாப் போறும், கேட்டியா?"

நாக்கு நுனிவரை வந்தது. பெண் யாரும் இல்லையம்மா, மாறியது நான்தான். இதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அப்பா போன பிறகு அது இப்படி மலர்ந்து அவன் கண்டதில்லை. சொன்னால் இதோ இங்கேயே அணைந்துபோகும். சொல்லாவிட்டால் இல்லாத ஒருத்தியோடு காலமெல்லாம் குடித்தனம் பண்ண வேண்டும். யா அல்லாஹ், எனக்கு வாயைக் கொடு என்று மனசுக்குள் கெஞ்சினான்.

அதற்குள் அவள் பீரோவைத் திறந்து தன் கல்யாணக் கூறைப்புடவையை எடுத்து வந்துவிட்டாள். அரக்குச் சிவப்பு, கற்பூர வாசனை குப்பென்று அடித்தது.

"ஒசரமா இருப்பாளோ? இதோட அகலம் அவளுக்குப் போறுமா?"

ஹரியின் கை மெல்ல எழுந்தது. காதுக்குச் சற்றுக் கீழே, காற்றில், உள்ளங்கை கவிழ்ந்து நின்றது. சீதாலக்ஷ்மி புடவையின் ஒரு மடிப்பைப் பிரித்து, அந்தக் கைக்கு நேராகப் பிடித்து, தரைவரைக்கும் அளந்து பார்த்தாள்.