இழுத்துப் பிடித்தால் தெரியும் விரிசல்

ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே இயந்திரத்தை ஓட்டுகிறவள் நாத்தனார். விரிசல் எங்கே விழும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள் அண்ணி. ஒரே வீடு, ஒரே பஸ்; பன்னிரண்டு நாளாகப் பேச்சு மட்டும் இல்லை. காரணம், காணாமல்போன ஒரு குடை. தொலைத்தது யார் என்ற வம்பு நமக்கெதற்கு? (நாத்தனார்தான்.)

அன்று அண்ணியின் கணக்குக்குச் சோதனை. சைக்கிள் ஃபிரேமுக்கான கார்பன் இழைப் பட்டை, தீக்குச்சி அகலம்தான். அது தாங்கும் பலத்தில் பாதிக்கு இழுத்தாலே நடு அடுக்கில் பதினோரு விரிசல் விழும் என்று அவளுடைய கம்ப்யூட்டர் மாடல் அடித்துச் சொல்லியிருந்தது. நாத்தனார் பட்டையை இழுத்து, கழற்றி, படமெடுத்துக் கொடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு விரிசலாவது காட்டும்மா. இல்லேன்னா அந்த மாடலை மூட்டை கட்டிடலாம்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். இரண்டு வருஷ உழைப்பு!

அண்ணி படத்தை முறைத்தாள். படமெடுத்தபோது பட்டையில் இழுவையே இல்லையே! விட்டதும் விரிசல்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும், விருந்தாளி வந்ததும் சிரிக்கிற புருஷன் பெண்டாட்டி மாதிரி. இழுத்துப் பிடித்தபடியே எடுத்தால்தான் தெரியும். அதைச் சொல்ல யார் வாயைத் திறப்பது? புருஷனுக்குப் போன் போட்டாள்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, இழுவையை விடாம படமெடுக்கணும்னு."

"அவ எங்க இருக்கா?"

"எம் பக்கத்துலதான்."

மகராசன் போனை வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "இழுத்துப் பிடிச்சுக்கிட்டே எடுக்க முடியுமா?"

"உள்ளயே பட்டுனு உடைஞ்சா என் மெஷினுக்கு யார் பொறுப்பு, அண்ணி?"

பன்னிரண்டு நாளில் முதல் 'அண்ணி'.

"உடையாது. பாதி பலம்தானே? மாடல் சொல்லுது."

"பதினொண்ணுன்னும் உங்க மாடல்தான் சொல்லுச்சு."

முணுமுணுத்துக்கொண்டே நாத்தனார் பட்டையைச் சின்ன இழுவைக் கருவியில் மாட்டி, கருவியோடு உள்ளே வைத்தாள். இழுபட்ட பட்டை அசைவு அடங்க இருபது நிமிஷம் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் கலங்கிவிடும். இருவரும் அருகருகே உட்கார்ந்து மெஷின் கதவையே பார்த்தார்கள்.

படம் வந்தது. நடு அடுக்கில் முடி முடியாகக் கோடுகள். நாத்தனார் விரல் வைத்து எண்ணினாள்.

"ஒன்பது."

"சரியா எண்ணு."

"ஒன்பதுதான் அண்ணி. கண்ணாடி மாத்துங்க."

தலைவருக்கு ஒன்பதே போதும். மாடல் பிழைத்தது. அண்ணியும் ஒன்பது என்றே எழுதிக் கொடுத்தாள். ஆனாலும் மனசு கேட்குமா? காணாமல்போன அந்த இரண்டுக்காக பஸ் முழுக்க இருவரும் மல்லுக்கட்டினார்கள்.

இறங்கும்போது நல்ல மழை. நனைந்துகொண்டே நடந்தார்கள். குடையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.